காது இல்லாத பாவாடை

ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்குகிற வரைக்கும் அந்த வீட்டில் மனிதர் நடமாட முடியாது. ஆற்றிலிருந்து வந்தவளின் ஈரச் சாமான் ஒரு பக்கம், மலைக்குப் போகப்போகிறவளின் சாமான் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒருத்திதான். குளியலறைக் குழாயில் உயிர்காப்பு அங்கி தொங்கும். சாப்பாட்டு மேசை மேல் கூடாரம் படுத்திருக்கும். அன்றைய பேப்பரைத் தேடுகிற அம்மா, அதை மலையேறும் பூட்ஸுக்குள்ளிருந்து கசங்கலாக உருவியெடுப்பாள்.

“இது வீடா, இல்ல கப்பல் கவுந்த கரையா?” என்பாள் அம்மா. “முப்பத்தஞ்சு வயசாகுது. பாதி நாள் தண்ணியில, பாதி நாள் மலையில. நடுவுல நாலு நாள் வந்து என் சமையக்கட்டையும் ஈரமாக்கிட்டுப் போறா.”

தம்பி அதனாலேயே அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டான். அவள் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மகா கறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆற்றுச் சாமான், மலைச் சாமான் எல்லாவற்றிலும் அதே கறார்தான். அப்படிப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் பாவாடை என்னவென்று சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். கயாக் என்பது ஒரு ஆள் உட்காருகிற ஒடுக்கமான படகு. உட்காரும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, இடுப்பில் ஒரு ரப்பர் துணியை மாட்டி, அதன் விளிம்பை ஓட்டையைச் சுற்றி இழுத்துக் கவ்வவைப்பார்கள். அதற்குத்தான் பாவாடை என்று பெயர். முன்பக்கம் அதில் ஒரு பட்டை வளையம் தைத்திருக்கும். கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் பின்னால் ஆற்றில் இறங்குகிற இவர்கள் கூட்டத்தில் அதைக் காது என்பார்கள். படகு கவிழ்ந்தால் தலை தண்ணீருக்குள்ளே, கால் படகுக்குள்ளே. காதைப் பிடித்து ஒரு இழு, பாவாடை கழன்றுவிடும், ஆள் வெளியே வந்துவிடலாம். காது இல்லையென்றால் வர வழியில்லை. அவ்வளவுதான் விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பாவாடையின் காது பாதி பிய்ந்துவிட்டது. கத்தரித்து எடுத்தாள். அதே அகலத்தில் புதுப் பட்டை வாங்கித் தைக்க வேண்டும் என்று காதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பாவாடையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள்.

சிவப்புத் துணி தம்பியின் ஏற்பாடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வயது, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான், மூன்று முறை ஆற்றில் இறங்கியிருக்கிறான். “எங்க வேலையில சுவிட்சுல அட்டை தொங்குச்சுன்னா எவனும் தொட மாட்டான். அட்டை இல்லேன்னா ஓட்டலாம்னு அர்த்தம். நீயும் அப்படி வெச்சுக்கோ” என்று இரண்டு வருடம் முன்பு சொன்னான். அன்று முதல் பழுதான சாமானுக்குச் சிவப்பு. சிவப்பு இல்லாதது எதுவாக இருந்தாலும் யாரும் எடுக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம், மலையில் விரித்துப் படுக்கிற காற்றுப் பாயைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் குமிழி வந்தது. ஓட்டை! சிவப்புத் துணி தேடினால் ஒன்றுகூட மிச்சமில்லை. ‘பாவாடையை ராத்திரிக்குள்ள தைச்சுடப் போறோம், அதுக்கு எதுக்குச் சிவப்பு’ என்று அதிலிருந்ததை அவிழ்த்துப் பாயில் கட்டினாள். சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது, படுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பாவாடை அவள் ஞாபகத்திலேயே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி போன் செய்தான். “ஏய் தவளை, நாளைக்குக் கேப்டன் கூட்டத்தோட ஆத்துக்குப் போறேன். உன் சாமான எடுத்துக்கவா?”

அவள் பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். “செவப்பு இல்லாததா பார்த்து எடுத்துக்கோ” என்றாள்.

அவள் வாயாலேயே சொன்னாள். அதை மறக்க வேண்டாம்.

சனிக்கிழமை பத்து மணி. கடையில் ஒரு வாடிக்கையாளர் திருகாணி கழன்ற சட்டத்தோடு வந்திருந்தார். குட்டித் திருப்புளியைத் தேடி அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். விரலில் தட்டுப்பட்டது பட்டை. வெளியே எடுத்துப் பார்த்தாள். காது.

ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, பால்கனிக் கொக்கியில என் பாவாடை தொங்குதா பாரு.”

“அதை உன் தம்பி ஆறு மணிக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டான். நீதான் தூங்கிட்டிருந்தியே. ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்து, செவப்பு இல்ல, செவப்பு இல்லன்னு சொல்லிச் சொல்லித்தான் எடுத்தான்.” அம்மா நிறுத்தினாள். “ஏண்டி? உன் குரல் ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“என்கிட்டயே மறைக்கிறியா? என்னடி ஆச்சு?”

“அது பழுதும்மா. நான்தான் செவப்பை அவுத்துட்டேன்.”

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தாலும் பரவாயில்லை. “போ. அவன் குரலை நான் கேக்கணும். போ” என்று மட்டும் சொன்னாள்.

தம்பிக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேப்டனுக்கு அடித்தாள், அங்கேயும் அதேதான். போன்களை எல்லாம் வேனில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஆற்றில் இறங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு முறை அடித்தாள். பதினொரு மணிக்கு இறங்குவது வழக்கம். ஆற்றுக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம்.

“என் கண்ணாடிம்மா?” என்றார் வாடிக்கையாளர்.

முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி இருந்தது. “நான் பார்த்துக்கிறேன், நீ கெளம்பு” என்றார். கடை ஏப்ரனோடேயே ஓடினாள்.

வண்டி ஓட்டுகிறவளுக்கு வழி தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. முதல் வருடம் அவள் கவிழ்ந்தது ஞாபகம் வந்தது. மூக்கு வழியாக ஏறும் தண்ணீர், எது மேல் எது கீழ் என்று புரியாத இருட்டு, வயிற்றுக்கு முன்னால் துழாவுகிற கை. காது கையில் சிக்க இரண்டே விநாடி ஆனது. அந்த இரண்டு விநாடியை நினைத்து அவள் ஒரு மாதம் தூங்கவில்லை. இப்போது தம்பியின் கை அதே இடத்தில் துழாவுகிறது, துழாவுகிறது, ஒன்றுமே இல்லை. “ஐயோ, வேண்டாம், வேண்டாம்” என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடாமல் என்ன செய்யும்? அவசரத்தில் போகிறவளைப் பார்த்தால்தான் அதற்கு மூடத் தோன்றும். அறுபது பெட்டி சரக்கு வண்டி ஆடி அசைந்து போனது. பக்கத்து வண்டிக்காரர், “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அவள் வண்டியை முறுக்கிக்கொண்டே கேட்டைப் பார்த்தாள்.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. வேன் நின்றது. படகு ஒன்றும் இல்லை.

அங்கிருந்து ஆறு பெரிதாக வளைந்து போய் ஒரு பாறை இடுக்கில் விழும். சத்தத்தை வைத்து அதற்கு மாவுமில் என்று பெயர். புதியவர்கள் கவிழ்கிற இடமென்றால் அதுதான். புதருக்கு நடுவே ஒரு குறுக்குத் தடம் உண்டு. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மலையேறிப் பழகிய கால், அன்றைக்குப் பார்த்துப் பின்னிக்கொண்டது. முள் குத்தியதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

பாறை மேல் ஏறி நின்றாள். கீழே அமைதியான தண்ணீரில் கேப்டனும் மற்ற மூவரும் இறங்கி வந்து காத்திருந்தார்கள். மேலே, இடுக்கின் வாசலில், மஞ்சள் படகு. தம்பி. கடைசி ஆள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தெரியும். அந்த இரைச்சலில் சொல் காதில் விழாது. அக்காவின் முகம் மட்டும் தெரியும், என்னவோ என்று அவன் திரும்புவான். மாவுமில்லின் வாயில் திரும்பினால் படகு குறுக்கே வரும். குறுக்கே வந்தால் கவிழும். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாலும் அதே கதைதான். தண்ணீர் ஏற்கெனவே அவனைப் பிடித்துவிட்டது. இனி அவனுக்கு ஒரே வழி, நேராக வருவது.

ஆற்றில் இவர்களுக்கு ஒரு முறை உண்டு. பாறை மேல் நிற்பவர் ஆபத்தை ஒருநாளும் சுட்டிக் காட்டக் கூடாது. போக வேண்டிய பக்கத்தை மட்டும்தான் காட்ட வேண்டும். கை நேராக மேலே இருந்தால், நடுவால் வா.

அவள் கையை நேராக மேலே தூக்கினாள். சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

தம்பி அவளைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. நடுவால் வந்தான். படகின் மூக்கு முதல் சரிவில் இறங்கியது, நுரைக்குள் மறைந்தது, எழுந்தது. அவள் கையை அவனுக்கு இடது பக்கமாகச் சாய்த்தாள். அவனும் படகை இடது பக்கம் ஒதுக்கினான். இரண்டாவது சரிவில் படகு சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. அவன் தோள் தண்ணீரைத் தொட்டது. அவள் தூக்கிய கை இறங்கவில்லை. துடுப்பை ஓங்கித் தண்ணீரில் அறைந்தான் அவன். படகு நிமிர்ந்தது. அடுத்த நிமிடம் அமைதியான தண்ணீரில் மிதந்தபடி, “பார்த்தியா தவளை! பார்த்தியா!” என்று கூவினான்.

அவள் பாறையிலிருந்து சறுக்கி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் போய்ப் படகின் மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

“என்ன ஏப்ரனோட வந்திருக்க? கடைக்கு லீவா?”

“கழட்டு.”

“எதை?”

“பாவாடையை. நீயே கழட்டு.”

சிரித்துக்கொண்டே முன்பக்கம் கையை விட்டான். வழுக்கியது. நகத்தை விட்டு நெம்பினான். ஈர ரப்பர் படகின் விளிம்பைக் கவ்விக்கொண்டு விடவில்லை. பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. அவளும் மண்டியிட்டு இழுத்தாள். இருவர் விரலும் வழுக்கின. காலையில் தேடிய குட்டித் திருப்புளி ஏப்ரன் பையிலேயே இருந்தது; கடைசியில் அதை எடுத்து விளிம்புக்கு அடியில் குத்தி நெம்பினாள். பட்டென்று கழன்றது.

இதற்குள் கேப்டன் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். மணிக்கட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரம்?” என்று தம்பி கேட்டான்.

“ரெண்டேகால் நிமிஷம்” என்றார் கேப்டன். “வெயில்ல. ரெண்டு பேரு சேர்ந்து.”

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். “எறங்கறதுக்கு முன்னாடி வரிசையா கேட்டேனேப்பா, காது உள்ள மடங்காம வெளிய இருக்கான்னு?”

“எல்லாரும் வெளியன்னு கத்தினாங்க. நானும் கத்தினேன்.”

“உன் அக்கா சாமான்னு நானும் தொட்டுப் பார்க்கல” என்றார் கேப்டன்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. “செவப்பை நான்தான் அவுத்தேன். பாய்க்குக் கட்டறதுக்காக. மறந்துட்டேன்.”

“காது இல்லேன்னு காலையிலயே பார்த்தேன்க்கா” என்றான் அவன் மெதுவாக. “மாடல் மாத்திட்டாங்க போலன்னு நெனச்சேன். செவப்பு இல்லையே. உனக்குத் தெரியாததா?”

அடிபட்டவள் போல் நிமிர்ந்தாள். அவன் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். இன்னொன்று வைத்தாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “கண்ணால பார்த்துமாடா? கண்ணால பார்த்தும் என்னை நம்பினியா? நம்பாதடா. இனிமே என்னை இவ்வளவு நம்பாதடா!”

அவன் உடம்பு இப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. கேப்டன் வேனுக்குப் போய் ஒரு துண்டும், அடித்துக்கொண்டிருந்த அவன் போனும் கொண்டுவந்தார். முப்பத்தொரு தவறிய அழைப்பு. அதில் அவளுடையது நான்கு.

தம்பி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக் காதில் வைத்தான்.

“அம்மா, நான்தாம்மா.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்து யாரோ உட்காருகிற சத்தம் மட்டும் கேட்டது.