ஆமெனுக்கு முன்னால்

மண்டபத்தின் நடு உத்திரத்தில் விரிசல் ஓடியிருந்தது. கொத்தனார் ஏணி போட்டு ஏறி, விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து ஒட்டிவிட்டு இறங்கினார்.

"இந்தக் காகிதம் கிழிஞ்சா உத்திரம் நகருதுன்னு அர்த்தம்மா. அப்புறம் ஒரு நிமிஷம்கூட உள்ள நிக்காதீங்க. என்னைக் கேட்டா இப்பவே பூட்டிடணும்."

தலைமையாசிரியை அண்ணாந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அந்த மிஷன் பள்ளிக்கு அவள் வந்து நாலு மாதம்தான். வெளியிலிருந்து வந்த முதல் ஆள், அதிலும் பெண். ஒரு வருடம் பார்த்துத்தான் நிரந்தரம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். வந்த கையோடு பாட நேரங்களை மாற்றினாள், பிரம்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். 'வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்' என்று ஆசிரியர் அறையில் முணுமுணுத்தது அவள் காதுக்கும் வந்தது. இந்த லட்சணத்தில், காலை ஜெபத்தை மைதானத்தில் வைக்கலாமா என்று தாளாளரிடம் போய் நின்றாள்.

தாளாளருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் அப்பா கட்டிய மண்டபம் அது.

"எண்பது வருஷமா அங்க ஒரு நாள்கூட ஜெபம் நின்னதில்ல. விரிசல் என்ன பெரிய விரிசல், பெயிண்ட் அடிச்சா போயிடும். முதல் வருஷம்மா உனக்கு. எதையும் நோண்டாம ஓட்டு."

பெயிண்ட் அடித்தால் உத்திரம் ஒட்டிக்கொள்ளுமாம், கேட்டுக்கொள்ளுங்கள். இவளும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். பதினெட்டு வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. அதை விட மனசு வரவில்லை. அறுநூறு பிள்ளைகளும் மறுநாள் அதே உத்திரத்தின் கீழேதான் நின்றார்கள்.

அந்தப் பள்ளியில் ஜெபத்துக்கு ஒரு சட்டம் உண்டு. என்ன நடந்தாலும் 'ஆமென்' சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. ஆமென் சொன்னதும் ஒன்றாம் வகுப்பு முதல் வரிசை வரிசையாக, பேசாமல், ஓடாமல் வெளியேற வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியதும் இவள் மட்டும் மேடையிலிருந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தலைமையாசிரியை ஜெபத்தில் கண் மூடுவதில்லை என்று யாரோ தாளாளருக்குப் புகார்கூட எழுதிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"எழுதினவங்க கண்ணும் திறந்துதானே இருந்திருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து அறையில் பெஞ்சை நகர்த்தினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

காகிதம் ஒட்டிய பதிமூன்றாம் நாள் தாளாளரே ஜெபிக்க வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கூட்ஸ் வண்டி. ஆரம்பித்தால் பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும். நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்து முடித்து அவர் நோயாளிகளிடம் வந்திருந்தார். இவள் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே வரும்போது முழுசாக இருந்த காகிதம் நடுவில் கிழிந்து தொங்கியது. நாலாம் வகுப்பில் ஒரு பெண்ணின் தலையில் சுண்ணாம்புப் பொடி பொலபொலவென்று கொட்டியது. அந்தக் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

கத்தினால் முட்டி மோதி ஓடுவார்கள், சின்னதுகள் காலடியில் மிதிபடும். சும்மா இருந்தால் வண்டிக்கு இன்னும் பத்து நிமிடப் பெட்டி பாக்கி. தாளாளர் "விதவைகளையும்" என்று சொல்லி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்."

"ஆமென்" என்றன அறுநூறு குரல்கள். கண்கள் திறந்தன. ஒன்றாம் வகுப்பு திரும்பி நடக்க ஆரம்பித்தது. அம்மாடி, என்ன நடை அது! ஓடுங்க என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினாள்.

"நான் இன்னும் முடிக்கல," என்றார் தாளாளர். "என் ஜெபத்தைப் பாதியில வெட்ட நீ யாரு? நாளையிலேர்ந்து நீ இங்க வர வேண்டாம்."

"சரிங்கய்யா."

பத்தாம் வகுப்பின் கடைசிப் பெண் படி இறங்கினாள். அவ்வளவுதான், இவள் கிழவரின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் கொடிக்கம்பத்தைத் தாண்டும்போது பின்னால் இடி விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. ஜன்னல்கள் வழியே வெள்ளைத் தூசி பீறிட்டு வந்தது. திறந்திருந்த கதவு வழியாக உத்திரம் கிடந்த இடம் தெரிந்தது. நாலாம் வகுப்பு நிற்கிற இடம்.

தாளாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையை அவர் விடவில்லை.

"கர்த்தர் காப்பாத்திட்டார்மா."

அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னெண்டு நாளா அவர்தான் ஐயா தனியா தாங்கிக்கிட்டிருந்தார். நான் இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தேன்."