மஞ்சள் பலூனும் ஒரு மணி நேர ஜெபமும்

1.

இந்தக் கதை என் வலது தோளில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பொய் இல்லை. காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்த ஒரு பெண்மணி என்மீது மோதி, நின்று, என் முகத்தைப் பார்த்து, "ஆமென்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்கத் திறந்த வாயில் ஆமென் வருகிறது என்றால், அதற்கு முன்னால் அந்த வாய் என்ன செய்துகொண்டிருந்தது? எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் போனது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடியாகிவிட்டது. ஓடட்டும். கதை கிடைத்த நாளில் பால் ஒரு பொருட்டா?

(அந்தப் பெண்மணியைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.)

2.

முதல் தொடக்கம்: "விடியற்காலையின் பனித்திரையைக் கிழித்துக்கொண்டு அவள்—"

வேண்டாம். பாவம், அந்தப் பனித்திரையை இன்னும் எத்தனை பேர்தான் கிழிப்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "ஓட்டம் என்பது கால்கள் செய்யும் ஜெபம், ஜெபம் என்பது உள்ளம்—"

இதுவும் வேண்டாம். நாள்காட்டித் தாளின் அடியில் அச்சடிக்கிற வாக்கியம். கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் தொடக்கம்: "அவளிடம் கைக்கடிகாரம் இல்லை."

ஆ! இது நன்றாக இருக்கிறது. பிடித்துக்கொள்கிறேன்.

அவளிடம் கைக்கடிகாரம் இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முந்தினது தெளிவா?" என்று பகலெல்லாம் கேட்பது அவள் தொழில். கடை திறப்பதற்கு முன்னால் ஓடுகிறாள். அதற்கும் முன்னால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வேதத்தில் ஒரு பகுதி வாசிக்கிறாள். வாசிக்கும்போதே காலில் ஷூ இருக்கும். லேஸ் மட்டும் கட்டியிருக்காது. வாசித்ததில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வாள். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி லேஸைக் கட்டுவாள். ஜெபத்துக்கென்று அவள் முழங்கால் போடுகிற நேரம் அதுதான்.

பிறகு தெரு. முதல் கொஞ்ச தூரத்துக்கு ஜெபமும் வராது, ஒன்றும் வராது. துவைக்கிற இயந்திரத்தில் ஊறுகிற துணி நினைவுக்கு வரும். நேற்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன குத்தல் பேச்சு வரும். அவள் எதையும் விரட்டமாட்டாள். அவையும் கூடவே ஓடி வந்து தாமாகக் களைத்து நிற்கட்டும் என்று விட்டுவிடுவாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவளுடைய ஜெபம் தொடங்கும். "ஆண்டவரே, என்னை நடத்தும்." நாலு காலடிக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். திரும்பவும், திரும்பவும், திரும்பவும்.

"நீ ஜெபம் பண்றியா, மூச்சு வாங்குறியா?" என்று அவள் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.

"ரெண்டையும் தனித்தனியாப் பண்ண எனக்கு எங்கங்க நேரம்?" என்றாள்.

3.

அந்த ஜெபத்தால் ஒரு விசித்திரம் நடந்தது. சொல்லச் சொல்ல அது அவள் காலுக்குள் இறங்கிவிட்டது. வெயிலோ மழையோ, அவள் ஓடுகிற வேகம் மாறவே மாறாது. ஊரில் ஓடுகிற கூட்டம் அவளுக்குக் கடிகார அக்கா என்று பெயர் வைத்தது. வருடாவருடம் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அவளைப் பேஸராகவும் போட்டுவிட்டார்கள்.

[அடிக்குறிப்பு, ஆனால் அடியில் போடப் பொறுமை இல்லை: பேஸர் என்பவர் ஜெயிக்க ஓடமாட்டார். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிற மாதிரி ஒரே வேகத்தில் ஓடிக் காட்டுவார். தோளில் ஒரு பலூன் கட்டியிருக்கும். அவளுடையது மஞ்சள், 'ஒரு மணி' என்று அதில் எழுதியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலூனின் பின்னால் போகலாம்.]

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாளே? நல்லவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனவே ஒரு பெருமையைக் கொடுத்தேன். பேஸர்கள் எல்லோரும் கடிகாரம் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அவள் மட்டும் வெறுங்கையை ஆட்டிக் காட்டுவாள். "எனக்கு உள்ள ஓடுது," என்பாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் அவ்வளவு புனிதமானது இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

4.

தம்பி வேண்டும் இந்தக் கதைக்கு. இதோ, வந்துவிட்டான். பேருந்து ஓட்டுகிறவன். உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு முன்னால் வந்துவிட்டது. "நடங்க, ஓடுங்க, ஏதாவது பண்ணுங்க" என்று டாக்டர் கெஞ்சியதில் அக்காவின் கூட்டத்தோடு ஓட வந்தான். வேடிக்கை, ஓட்டம் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

பிடிக்காமல் போனது வேறொன்று. மனைவி நோயில் கிடந்து இறந்துபோன பிறகு அவன் சர்ச் வாசலை மிதிக்கவில்லை. சண்டை போடவில்லை, வாதாடவில்லை. அக்கா வீட்டில் சாப்பிடும்போது ஜெபம் சொன்னால் மரியாதையாகத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அந்த மரியாதைதான் அவளை அறுத்தது. சின்ன வயதில் அவளைவிடச் சத்தமாகப் பாடினவன் அவன்.

போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தவன், கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள என்னைக் கொண்டுபோய்ச் சேத்துட்டேன்னா, ஞாயித்துக்கெழம உன்கூட சர்ச்சுக்கு வரேன். போதுமா?"

"நெஜமாவாடா?"

"பந்தயம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளோ பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க, வந்தவர்களிடம் "இது தெளிவா?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்க மறந்தாள்.

5.

இப்போது ஓட்டம்! இதற்காகத்தானே இவ்வளவு நேரம் குதித்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி வெடித்தது. கூட்டம் நகர்ந்தது. மஞ்சள் பலூன் ஆடிக்கொண்டே முன்னால் போனது. அதன் பின்னால் ஒரு சின்னக் கூட்டம், கூட்டத்தில் தம்பி. அவள் வாய் வழக்கம்போலத் தொடங்கியது. ஆண்டவரே, என்னை நடத்தும். வேகம் அச்சு அசலாக இருந்தது. தம்பியின் மூச்சுச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது. புஸ், புஸ் என்று, பேருந்துக் கதவு திறந்து மூடுகிற மாதிரி.

பாதி தூரத்தில் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். ஜெபத்தை மாற்றினாள்.

"ஆண்டவரே, தம்பியைத் திருப்பும்."

இதற்கும் நாலே காலடிதான். கணக்குப்படி வேகம் மாறக் கூடாது. ஆனால் அந்த ஜெபத்துக்குள் எத்தனை மாதத்து ஏக்கம் இருந்தது! சாப்பாட்டு மேஜையில் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். உள்ளம் முந்தியது, கால் தொடர்ந்தது. தம்பியைத் திருப்பும், தம்பியைத் திருப்பும், தம்பியைத் திருப்பும். கண்ணில் நீர். காற்று முகத்தில் அடிக்கிறது. அடடா, அவள் பறக்கிறாள்! எழுதுகிற எனக்கே புல்லரிக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"அக்கா! அக்கா!" கூட்டத்தில் பக்கத்தில் ஓடிவந்த ஒரு பள்ளி விளையாட்டு டீச்சர் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "எங்கே போறீங்க? ரொம்ப முந்திட்டோம்!"

அப்போதுதான் கவனித்தாள். முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சுச் சத்தம் இல்லை.

6.

இங்கே நிறுத்தி இரண்டு முடிவுகள் யோசித்தேன்.

முடிவு ஒன்று: அவள் வேகத்தைக் குறைத்து, மிச்சக் கூட்டத்தைச் சரியான நேரத்துக்கு எல்லைக்கோட்டைத் தாண்ட வைக்கிறாள். அதுதான் பேஸரின் கடமை. கைதட்டல். பலூன். தம்பி மட்டும் இல்லை. (எழுதிப் பார்த்தேன். என்னால் படிக்க முடியவில்லை.)

முடிவு இரண்டு: எல்லோரையும் விட்டுவிட்டு அவனைத் தேடித் திரும்புகிறாள். அவன் அவள் காலில் விழுந்து அழுகிறான். வானத்திலிருந்து ஒரு—

சேச்சே. இது ஞாயிறு பள்ளி ஆண்டு விழா நாடகம். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆடு வேஷத்தில் யாராவது வந்தால்தான் நிறைவாக இருக்கும். திரும்புகிற முடிவே வேண்டாம் என்று முடிவு செய்து, தாளை ஓரமாக வைத்தேன்.

நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் தோளிலிருந்து பலூன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இதைப் பிடிங்க. உங்ககிட்ட கடிகாரம் இருக்கு. இவங்களைப் பத்திரமாக் கொண்டுபோயிருங்க."

திரும்பிவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை. எல்லோரும் ஒரு பக்கம் ஓட, கடிகார அக்கா எதிர்ப்பக்கம் ஓடினாள். சரி, தாயே, போ. நானும் பின்னாலேயே வருகிறேன்.

7.

நடைபாதையோரத்தில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. உன்னைத்தான் காணோம்."

"ரொம்ப வேகமாப் போயிட்டேனாடா?"

அவன் நிமிர்ந்து மூச்சை இழுத்துவிட்டான். "அக்கா, நான் பஸ் ஓட்டுறவன். ஓரக் கண்ணாடியப் பாக்காம வண்டிய நகத்த மாட்டேன். ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுலன்னு யாராவது இருப்பாங்க. நீ ஒரு தடவை திரும்பிப் பாத்தியா?"

அவள் குனிந்து, அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினாள்.

"எனக்காகத்தானே ஜெபம் பண்ணிட்டு ஓடுன?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அதான் உன் முதுகே சொல்லுதே. என்னைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு." தரையைப் பார்த்துச் சொன்னான்: "ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரி கெடந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சுக்கா. நீங்க எல்லாரும் கண்ண மூடிட்டு சத்தமா ஜெபம் பண்ணுனீங்க. அவ கண்ணத் தொறந்து ஒவ்வொருத்தர் மொகமாப் பாத்தா. திரும்பிப் பாக்க யாருமே இல்ல. நான் ஒருத்தன்தான் பாத்துட்டு இருந்தேன்."

இந்த வாக்கியத்தை நான் யோசித்து எழுதவில்லை. கதை தொடங்கும்போது அந்த ஆஸ்பத்திரி அறை என்னிடம் இல்லவே இல்லை. அதை அவன் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறான். உற்சாகத்தில் குதித்துக்கொண்டிருந்த நானும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா அழுதாள். அதை மறைக்கவும் இல்லை.

"பந்தயத்த விட்டுருடா," என்றாள். "நீ சர்ச்சுக்கு வரணும்னு இல்ல. இஷ்டம் இருந்தா வா. இல்லேன்னா நாளைக்கு நான் உன் வீட்டுக்கு வரேன். சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன். வாயே தொறக்க மாட்டேன்."

"நீயா? வாயே தொறக்க மாட்டியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. மூக்கு ஒழுக ஒழுக இரண்டு பேரும் நடைபாதையில் நின்று சிரித்தார்கள். தண்ணீர் கொடுக்க நின்றிருந்தவர்கள் வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து இரண்டு குவளையோடு ஓடி வந்தார்கள்.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்பி சொன்னான்: "வா. நான் முன்னாடி போறேன். நீ என் பின்னாலயே வா. முந்தப்படாது."

8.

ஓடுகிறார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். அவளுக்குப் பழக்கமே இல்லாத வேகம். ஒரு சமயம் தளர்கிறது, ஒரு சமயம் திணறிக்கொண்டு எழும்புகிறது. அவள் ஜெபம் அதில் பொருந்தவில்லை. வைத்துப் பார்த்தாள், நழுவியது. விட்டுவிட்டாள். வியர்வையில் நனைந்த அவன் சட்டை முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள். ஆண்டவரிடம் அவள் ஒன்றுமே கேட்காமல் ஓடிய முதல் ஓட்டம் அது. ஆனால் தனியாக ஓடுவதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஒன்று கேட்டது. தம்பி ஏதோ முணுமுணுக்கிறான். காலடிக்கு ஏற்ப, விட்டு விட்டு. எண்ணிக்கொண்டு போகிறானா? பழைய பாட்டா? ஏறுகிற சாலையைத் திட்டுகிறானா? அவள் நெருங்கிப்போய்க் காது கொடுக்கலாம். கொடுக்கவில்லை. அவளே கொடுக்காதபோது நான் எப்படிப் போய் ஒட்டுக்கேட்பது?

கடைசித் திருப்பம். எல்லைக்கோட்டுக்கு மேலே பெரிய கடிகாரம். அதில் அப்போது மணி—

இந்த வாக்கியத்தை அழிக்கமாட்டேன். முடிக்கவும் மாட்டேன். நேரத்தை நான் எழுதிவிட்டால் நாளைக்கு அவன் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நானே எழுதிவிடுவேன். அவனை இழுத்தது போதும். நாளைக்கு ஒரே பெஞ்சிலோ, அவன் வீட்டு வரவேற்பறையிலோ இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த இடம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. தெரியாததில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் ஏன் என்றும் தெரியவில்லை.

எனக்கு மூச்சு வாங்குகிறது, நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். நீங்கள்தான் கோட்டுப் பக்கத்தில் நிற்கிறீர்கள். இதோ வருகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கைதட்டுவதா, தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பதா என்பது இனி உங்கள் பாடு.