நடவடிக்கை எடுப்பது யார்?

தொலைக்காட்சித் திரையின் கீழ் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று செய்திகளைச் சைகை மொழியில் சொல்வது அவள் வேலை. அவளுடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அச்சகத்தில் வேலை முடித்து வந்ததும் தங்கையின் கைகளைப் பார்த்துத்தான் உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வான்.

அன்று வெளியுறவு அமைச்சர் பதினான்கு நாடுகளின் அமைதி மாநாட்டை முடித்துத் திரும்பியிருந்தார். சண்டை மட்டும் முடியவில்லை. பேட்டி நேரலையில் போனது.

"சண்டை நடக்கிற நாட்டுல மாட்டிக்கிட்ட நம்ம தொழிலாளிங்க அறுபத்து மூணு பேரை எப்போ கூட்டிட்டு வருவீங்க?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உரிய நேரத்தில், உரிய மட்டத்தில், உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

பேச்சில் இந்த வாக்கியம் வழுக்கிக்கொண்டு போய்விடும். சைகையில் போகாது. 'எடுப்பது' என்று கையை நீட்டினால் அது யாரிடமிருந்தாவது புறப்பட வேண்டும். அவள் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு உள்ளதை உள்ளபடி காட்டினாள்: 'நடவடிக்கை உண்டு. யார்? சொல்லவில்லை. எப்போது? சொல்லவில்லை.'

அமைச்சர் அதையே நான்கு விதமாகச் சொன்னார். அவளும் நான்கு முறை காட்டினாள். மாநாட்டில் எல்லோரும் ஆழ்ந்த கவலை தெரிவித்ததையும், அதன்பின் விருந்து பிரமாதமாக நடந்ததையும் அவரே சொன்னார். அதையும் காட்டினாள்.

அண்ணனின் நண்பர்கள் அவள் சைகைக்கு எழுத்துப் போட்டு அந்தக் காட்சியைப் பரப்பிவிட்டார்கள். காது கேட்கிறவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் செய்தி ஆசிரியர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அங்கே அமைச்சரின் செயலாளர் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார்.

"அமைச்சரையே கேலி பண்ணிருக்கீங்களேம்மா!" என்றார் செயலாளர்.

"சைகையில ஆள் இல்லாம வேலை நடக்காது சார். யார் போறாங்க, என்னைக்குப் போறாங்கன்னு சொல்லுங்க. இன்னைக்கே திருத்திக் காட்டிடறேன்."

செயலாளர் கோப்பைப் புரட்டினார். தொலைபேசியில் ஒருவரைக் கேட்டார். அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். மூன்றாவது அழைப்பில் செயலாளருக்கு வியர்த்துவிட்டது.

"அது வந்து... பரிசீலனையில இருக்கு."

"அதைத்தானே சார் நேத்து காட்டினேன்."

ஆசிரியர் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார். அதற்குள் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், வாசல்ல நூறு பேர் நிக்கிறாங்க. ஒரு கோஷம் கிடையாது, சத்தம் கிடையாது. கையைத்தான் ஆட்டறாங்க. எப்படிக் கலைக்கறதுன்னே புரியல!"

அவள் ஜன்னலருகே போனாள். கூட்டத்துக்கு முன்னால் அண்ணன் நின்றிருந்தான். நூறு ஜோடிக் கைகளும் ஒன்றாகக் கேட்டன: 'யார்? எப்போது?'

"இந்தப் பொண்ணை வேலையை விட்டு எடுத்தா அதுவும் செய்தி ஆயிடும்," என்றார் ஆசிரியர் செயலாளரிடம். "நானே முதல் செய்தியாப் போடுவேன்."

இரண்டு நாளில் அமைச்சர் மறுபடி ஒலிவாங்கி முன் வந்தார். அதே கேள்வி. அவர் பார்வை ஒருமுறை, பக்கத்திலேயே நின்று சைகை காட்டிய அவள் பக்கம் போய் மீண்டது. "வெள்ளிக்கிழமை விமானம் போகுது. நானே போறேன்."

சனிக்கிழமை மாலை, திரும்பி வந்த விமானத்தின் படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். 'அறுபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள்' என்று அவள் இரு கைகளையும் வீசிக் காட்டிய வேகத்தில் அவளுடைய கறுப்புச் சட்டையின் தோள்பட்டைத் தையல் பட்டென்று விட்டுப்போனது. அவள் நிறுத்தவில்லை. நேரலையில், நாடே பார்க்க, கிழிந்த சட்டையோடு இன்னொரு முறை காட்டினாள்.