ஸ இல்லாத கச்சேரி

வித்வான் வைத்தமாநிதி பாடினால் அவருடைய ஸகாரங்கள் ஒலிபெருக்கியிலிருந்து குதித்து வந்து முன்வரிசைக்காரர்களின் காதைக் கடிக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் ஓசி டிக்கெட்காரர்கள் என்பதால் சபாவில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. போன வருஷம் விருதுக் கமிட்டித் தலைவர் கோதண்டத்தின் காதிலேயே ஒன்று கவ்விக்கொண்டு தொங்கிவிட்டது. ‘ஸங்கீத ஸாகரம்’ பட்டம் கைநழுவிப் போயிற்று. அன்றிலிருந்து வித்வானுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டமில்லாமல் பாடுவது அவருக்கு வேட்டியில்லாமல் பாடுவது போல.

இந்த வருஷமும் கோதண்டம் வந்து உட்கார்ந்தார், காதில் பஞ்சோடு.

“ஒரு ஸ கூட வெளில வரப்படாது,” என்றார் வித்வான், ஒலியமைப்பாளர் லூர்துவிடம்.

“மைக்கைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சுக்கலாம் சார். சீறுற இடத்தை மட்டும் லேசாக் குறைச்சுவிடறேன், அடங்கிடும்.”

“லேசாவாவது! மொத்தமா வெட்டு.”

லூர்து வெட்டினார். வெட்டுப்பட்ட ஸகாரங்கள் மைக்குக்குக் கீழே விழுந்து நெளிந்தன. கேண்டீன்காரர் வந்து அவற்றைப் பையில் அள்ளிக்கொண்டு போனார். அவருடைய தோசைக்கல் வெகுநாளாக ஊமை.

பாட்டு நன்றாகவே போயிற்று. யார் காதும் புண்ணாகவில்லை. ஸ்வரம் பாடும்போதுதான் சிக்கல். ஸ இல்லையென்றால் நிற்கத் தரை ஏது? ரியில் ஆரம்பித்தவர் மேடைக்கு ஒரு சாண் மேலே எழும்பினார். நி வரை ஏறிவிட்டு இறங்கினார். ரிக்குக் கீழே இறங்க வழியில்லை. சம்மணம் கலையாமல் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். ரசிகர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் எதற்குத்தான் ஆட்டவில்லை! வித்வானுக்கும் கால் தரையில் பாவாதது புதிதில்லை.

கோதண்டம் பொன்னாடை போர்த்தி, அதே மைக்கில் பட்டத்தை அறிவித்தார்.

“அங்கீத ஆகரம்!”

கைதட்டல் அடங்குமுன் கேண்டீனில் தோசைக்கல் ‘ஸ்ஸ்’ என்றது. சுருதி சுத்தமான ஸ. வித்வானுக்குத் தன் குரல் தெரியாதா? அரங்கமே எழுந்து அந்தப் பக்கம் போயிற்று, பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கோதண்டம் முன்னால்.

வித்வானுக்கு அழுகை முட்டியது. “லூர்து, ஸ ஏத்து!” என்று மைக்கில் கத்தினார்.

மைக் ஸவை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொன்னது.

“லூர்து, ஏத்து!”

லூர்து ஏற்றினார். வித்வான் மேலே போனார். தலையில் அடிபடாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, லூர்துவும் தோசை சாப்பிடப் போனார்.