பென்கோவின் முகத்தில் ஊதியது யார்?

1

“தாத்தா, கோஸ் பீப்பாய்க்கு ஊதுற மாதிரி உங்க மூஞ்சியிலயும் யாராவது குழாய் வெச்சு ஊதிட்டாங்களா?”

குளிர்காலத்துக்கென்று முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாயில் குழாய் விட்டு ஊதுவது எங்கள் ஊர் வழக்கம். இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவள் எங்கள் கட்டடத்தின் முதல் மாடி நெவேனா, ஐந்து வயது. கேட்கப்பட்டவர் நான்காம் மாடி பென்கோ, சோஃபியா நகரில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். லிஃப்டில் நானும் இருந்தேன். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘பனி பொழிந்த ஒரு சோகமான காலையில்…’ வேண்டாம். அன்று பனியே இல்லை.

இரண்டாவது: ‘மனித உடல் ஒரு பீப்பாய்…’ ஆண்டவரே, வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். போன குளிர்காலத்தில் பென்கோவின் தோள்கள் பூட்டிக்கொண்டன. சிலுவைக்குறி போடக் கை நெற்றி வரை எழவில்லை. கோயிலில் அவர் நெற்றியைக் கைக்குக் கொண்டுபோவார். டாக்டர் மின்சேவா ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் கை எழுந்தது. கோடைக்குள் முகம் உப்பி முழுநிலா ஆனது. இந்த நவம்பரில் பிரஷரும் ஏறியது.

[அளப்பவர் பென்கோவின் எதிர்வீட்டு டோச்கா. கட்டடத்தில் பிரஷர் மெஷின் அவரிடம் மட்டும்தான் உண்டு. ஆகவே பதினெட்டு வீட்டுப் பிரஷரும், அதை ஏற்றியவர்கள் யார் யார் என்பதும் அவருக்கு அத்துபடி.]

3

“நூத்தி எழுபத்தெட்டு!” என்றார் டாக்டர். “பென்கோ ஐயா, இந்த மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். உப்பைக் குறைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? இப்படியே போனா பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுடும்.”

“உப்பா? சீஸைக்கூட தண்ணியில ஊறப்போட்டுத்தான் திங்கறேன் டாக்டரம்மா. துணியை மெல்ற மாதிரி இருக்கு.”

“அப்புறம் எப்படி ஏறுது?”

“உங்க மாத்திரைதான். நாளைலேருந்து நிறுத்திடறேன்.”

“அய்யய்யோ! சட்டுனு நிறுத்தினா உடம்பு தாங்காது. குறைக்கிறதோ கூட்டுறதோ, நான் சொல்லித்தான் செய்யணும். சரி, காலையில எழுந்ததும் என்ன குடிக்கிறீங்க?”

“மருந்து.”

“என்ன மருந்து?”

“கோஸ் தண்ணி. மூணு வாரமா டோச்கா தினம் ஒரு பெரிய கிளாஸ் கொண்டுவரா. உடம்பைச் சுத்தம் பண்ணுமில்ல?”

டாக்டர் மெதுவாக நெற்றியை மேசைமேல் சாய்த்துக்கொண்டார்.

4

இவ்வளவு வெகுளி ஒருவர் இருப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. முட்டைக்கோஸ் ஊறப்போடும்போது பீப்பாயில் எத்தனை கை கல்லுப்பு விழுகிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பீப்பாயில் இருக்கும்வரை அது உப்புநீர். கிளாஸில் ஊற்றினால் மருந்து. ஜலதோஷத்துக்கு, வயிற்றுக்கு, முந்தின நாள் குடித்த ராக்கியாச் சாராயத்துக்கு. இன்று காலை நானும் ஒரு கிளாஸ்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

5

சிக்கல் இனிமேல்தான். டோச்காவிடம் யார் சொல்வது?

போன வருடம் கை பூட்டியிருந்தபோது, நிலவறையில் இருந்த தன் பீப்பாய் கெட்டே போயிருக்கும் என்று பென்கோ நினைத்திருந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய் விட்டு அடியில் ஊதாவிட்டால் கோஸ் அழுகிவிடும். ஆனால் அது கெடவில்லை. அவருடைய குழாயின் முனையில் சிவப்பு உதட்டுச்சாயம் இருந்தது. டோச்கா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முடிவு அ: வாங்கி, பூந்தொட்டியில் ஊற்றிவிட்டார். (செடி மூன்றே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.)

முடிவு ஆ: உண்மையைச் சொன்னார், இருவரும் அழுதார்கள். (டோச்கா அழுகிற ஆள் இல்லை.)

நடந்தது இதுதான்:

“அப்போ மூணு வாரமா நான் உங்களுக்கு விஷம் ஊத்தினேன்னு சொல்றீங்களாண்ணே?”

“விஷம்னு யாரு சொன்னா? உப்புன்னுதான்…”

“இதைக் குடிச்சுத்தான் என் வீட்டுக்காரர் எண்பது வயசு வரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்தாரு!”

“அவரு என் மாத்திரையைத் திங்கலையே, தாயி.”

கதவு சாத்தப்பட்டது. மெஷினும் உள்ளே போய்விட்டது.

6

ஒரு வாரம் கழித்து பென்கோ மருந்துக்கடையில் பிரஷர் அளந்துகொண்டார்: நூற்று நாற்பத்திரண்டு. அளவு எழுதிய சீட்டை மடித்து எதிர்வீட்டுக் கதவுவரை கொண்டுபோனார். தட்டாமல் திரும்பினார். டோச்காவுக்கு முழங்கால் வீங்கி, அவர் நிலவறைப் படியே இறங்கவில்லை என்று லிஃப்டில் கேள்விப்பட்டார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு யார் யாருடைய கதவைத் தட்டுவார்கள்? கையில் இருக்கப்போவது கிளாஸா, மெஷினா? அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நல்ல மனசோடு எழுதுங்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புனித நிக்கோலாஸ் திருநாள் மதியம், கட்டடமே அந்த நாளுக்கே உரிய மீன் விருந்தில் இருந்தபோது, பென்கோ நிலவறைக்கு இறங்கினார். டோச்காவின் பீப்பாயைத் திறந்தார், குழாயை அடிவரை விட்டார், அந்த முழுநிலாக் கன்னங்களை உப்பி, தம் கட்டாமல், மெதுவாக ஊதினார். குமிழிகள் மேலே வந்தன. குழாயின் முனையைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டினார். சிலுவைக்குறி போட்டார். கை நெற்றி வரை எழுந்தது.

யாரும் பார்க்கவில்லை. நானும்கூடத்தான்.