ஒன்றரை மாத்திரை

மாத்திரையை இரண்டாக உடைக்கப் பெரியவள் சமையலறைக் கத்தியை நம்பவில்லை. பட்டறையில் மெழுகு சீவுகிற சின்னக் கத்தி ஒன்றைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதை மாத்திரையின் நடுக்கோட்டில் வைத்து அழுத்தினால் சத்தமில்லாமல் இரண்டாகும். வெறும் வயிற்றில் ஒரு முழு மாத்திரை, அதோடு ஒரு பாதி. மீதிப் பாதி நாளைக்கு. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் இதைச் செய்தாள். பதினோரு வருஷமாக எல்லார் கண் முன்னாலும் விழுங்கிவந்த தைராய்டு மாத்திரையை இந்த இரண்டரை மாதமாகத் திருடியைப் போல விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பட்டறை என்றால் பல் செட் செய்கிற பட்டறை. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதன்மேல் ரோஸ் நிற மெழுகைப் பரப்பி, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுகாட்டிக் காட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்த வேண்டும். கடைவாய்ப் பல்லை யாரும் நிறுத்திவிடலாம். முன்பல் ஆறும் அப்படியில்லை. அரை இழை சாய்ந்தால் அந்த ஆள் சிரிக்கும்போது வேறு யாரோ சிரிப்பது போலிருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்த ஆறு பல் பெரியவளுடையது. "செட்டுக்கு முகம் வைக்கிறது அவங்கதான்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவள் போலத் தலையைக் குனிந்துகொள்வாள். அன்றைக்கு முழுக்க அது போதும் அவளுக்கு.

சின்னவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை, ஆறு வயது இளையவள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவளை இதே பட்டறைக்குக் கூட்டிவந்ததும் பெரியவள்தான். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பிற்பாடு தோன்றியபோது, அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். தங்கைக்கும் தைராய்டுதான். கழுத்தில் கட்டி வந்து, நான்கு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் ஆனது. மூன்றே வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் அவள் மலர்ந்த மலர்ச்சி! படி ஏறினால் இரண்டிரண்டாக ஏறுவாள். மதியம் எல்லாரும் கண்ணைச் சொருகும்போது அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மெழுகு உருக்குவாள். கழுத்துத் தழும்புகூட மெல்லிய சங்கிலி போட்ட மாதிரி அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. பெரியவளுக்கோ உடம்பு ஊதி, முடி கொட்டி, சாயந்திரம் நாலு மணிக்கே காலில் ஈயம் கட்டியது போலாகிவிடும்.

"நீ மாத்திரை எத்தனை பவர் போடற?" என்று ஒருநாள் சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"நூத்தி இருபத்தஞ்சு. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. எனக்கு எழுபத்தஞ்சுதான்."

"நான் அதப்பத்தி நினைக்கறதே இல்லக்கா. பல்லு விளக்கற மாதிரி, போட்டமா போனமா!"

அந்த நூற்று இருபத்தைந்து பெரியவளின் மனதில் ஒட்டிக்கொண்டது. தங்கையின் வேகம், சிரிப்பு, படியேற்றம் எல்லாவற்றுக்கும் கணக்கு அங்கேதான் இருக்கிறது என்று பட்டது. தன்னுடையதைவிடத் தங்கையின் பாவாடைக்குக் கரை பெரிதென்று சின்ன வயசில் அழுதவள்தானே அவள். மறுவாரமே கத்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

முதல் இரண்டு வாரம் ஜோராகத்தான் இருந்தது. ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தாள். புருஷன் வேலைக்குக் கிளம்புமுன் அவள் இரண்டு பேர் வேலையை முடித்திருந்தாள். பிறகு நெஞ்சு ஆரம்பித்தது. பஸ் சிக்னலில் நிற்கும், இதயம் மட்டும் நிற்காமல் ஓடும். உள்ளங்கை வேர்க்கும். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று எங்கிருந்தோ ஒரு நிச்சயம் வந்து தொண்டையில் உட்காரும். கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். மூடியிருக்கும். அப்போதும் நெஞ்சு அடங்காது.

"லிஃப்ட் அறுந்து விழற மாதிரி இருக்குங்க" என்றாள் புருஷனிடம். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட் அப்படியெல்லாம் அறுந்து விழாது. நடுவுல நின்னுதான் போகும்" என்றான் அவன், தொழில் மரியாதையை விட்டுக்கொடுக்காமல். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "டாக்டர்கிட்ட போலாமா?" என்றான். டாக்டரிடம் போனால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் பொய் சொல்லாது. "வேணாம், உடம்புச் சூடுதான்" என்று சொல்லிவிட்டாள்.

சூடு கைக்கும் வந்தது. கத்தி நுனி நடுங்கி, நிறுத்திய பல்லைப் பக்கத்துப் பல் இடித்துத் தள்ளியது. ஒரே வாரத்தில் மூன்று செட் திரும்பி வந்தன. முதலாளி நல்ல மனுஷர், நேரே சொல்லத் தெரியாதவர். மேஜைக்கருகே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கொஞ்ச நாளைக்கு முன்பல்ல சின்னவங்க பாக்கட்டும்மா. நீங்க கடைவாய் பாருங்க. உங்க கைக்கு ஓய்வு குடுத்த மாதிரி இருக்கும்."

சின்னவள் முன்பல் டிரேயை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அக்காவின் தோளை ஒருமுறை தொட்டாள். அந்தத் தொடுதலைத்தான் பெரியவளால் பொறுக்க முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது. "கேட்டு வாங்கிக்கிட்டியா?" என்றாள், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. "எத்தன நாளா காத்திருந்த?" பாலிஷ் மிஷின் நின்றது. சின்னவள் பதில் சொல்வதற்குள் பெரியவளுக்குக் கண் இருட்டிவந்தது. மூச்சு மேலே போனது, கீழே இறங்கவில்லை. நாற்காலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். செத்துப்போகிறோம் என்றே நினைத்தாள். செத்தால் முன்பல் சின்னவளுக்கே நிரந்தரமாகிவிடும் என்றும் அந்த நேரத்திலேயே நினைத்தாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் சின்னவள்தான். நெஞ்சுக்கு வயர் ஒட்டிப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, வழக்கமாக அவளைப் பார்க்கிற டாக்டரம்மாவின் முன்னால் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எழுபத்தஞ்சுதானே போடறீங்க? இதப் பாத்தா அப்படித் தெரியலையே."

"மருந்துக்கடையில மாத்திக் குடுத்திருப்பாங்களோ டாக்டர்?" என்றாள் சின்னவள். "அக்கா இதுலெல்லாம் ரொம்பக் கரெக்ட்."

அவள் தனக்காகப் பேசியது பெரியவளுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. "ஒன்றரை போடறேன்" என்றாள்.

"யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல." சற்று நேரம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள். "இவ நூத்தி இருபத்தஞ்சு போடறா."

டாக்டரம்மா திட்டவில்லை. சின்னவளுக்குச் சுரப்பியையே எடுத்தாகிவிட்டது, அவள் உடம்புக்கு வேண்டிய அத்தனையும் மாத்திரையிலிருந்துதான் போக வேண்டும், உங்களுக்கு உள்ளே பாதி வேலையைச் சுரப்பி இன்னும் செய்கிறது என்று நிதானமாகச் சொன்னார். படபடப்பு, நடுக்கம், அந்தப் பயம் எல்லாம் அந்த அரை மாத்திரையிலிருந்து வந்திருக்கலாம். பழைய அளவுக்குத் திரும்புங்கள். உடனே சரியாகாது, வாரக்கணக்கில் ஆகும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு காபி. பயம் வந்தால் நேரத்தை எழுதுங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். அளவு சரியான பிறகும் பயம் தங்கினால் ஒளிக்காமல் வந்து சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

படியிறங்கும்போது சின்னவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"என்னைப் பாத்தாக்கா? என்னைப் பாத்தா போட்ட?"

பெரியவள் இன்னும் நாலு படி இறங்கினாள். "உனக்கு ஒருநாள்கூட ஒண்ணும் பண்ணினதில்லையா? நெஞ்சடைப்பு, பயம், எதுவும்?"

சின்னவள் யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிடேன், பொய்யாகவாவது சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"இல்லக்கா" என்றாள் சின்னவள். "எனக்கு நிஜமாவே ஒண்ணும் பண்ணல."

பெரியவள் ஒரு நோட்டு வாங்கினாள். பஸ், பத்து நாற்பது, படபடப்பு. வீடு, ஆறு மணி, காரணமில்லாத பயம், இருபது மூச்சில் அடங்கியது. முதல் மூன்று வாரம் பக்கம் பக்கமாக நிரம்பியது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வரி. கடைவாய்ப் பற்கள் ராணுவம் போல நேராக நின்றன. ஒருநாள் முதலாளி சின்னவளின் மேஜையருகே நின்று ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பெரியவள் வழக்கம்போல நோட்டை எடுத்து, மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணினாள். எழுபத்திரண்டு. மூச்சு சீராக இருந்தது. கை உலர்ந்திருந்தது. வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் நேரத்தை மட்டும் குறித்துவிட்டு மூடினாள். எட்டாவது வாரம் எடுத்த ரத்தத்தில் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. டாக்டரம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார். முன்பல் வேலை மட்டும் திரும்பி வரவில்லை. முதலாளி மறந்துவிட்டாரோ, பழகிவிட்டாரோ, அவள் கேட்கவில்லை.

மறுவாரம் ஒரு செட் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்கு. "இது என் வாய் இல்லை" என்று கண்ணாடியைப் பார்த்து அழுதாராம். பழைய கல்யாணப் போட்டோ ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தார். முதலாளியின் குரல் முதல் தடவையாகச் சின்னவளிடம் உயர்ந்தது. நாளைக் காலைக்குள் போயாக வேண்டும் என்றார். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு சின்னவள் டிரேயைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மேஜைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. அவளை இப்படிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"எல்லாம் அளந்துதான்க்கா வச்சேன். எது தப்புன்னே தெரியல. நீ கொஞ்சம் பாரேன்."

பெரியவள் போட்டோவைப் பார்த்தாள். பூமாலையை மீறித் தெரிந்த ஒரு இளம்பெண்ணின் சிரிப்பு. செட்டைப் பார்த்தாள். ஒரே பார்வை போதுமாயிருந்தது. இடது பக்கத்து இரண்டாவது பல். போட்டோவில் அது ஒரு மயிரிழை உள்ளே தள்ளி, நடுப்பல்லின் பின்னால் கூச்சத்தோடு ஒளிந்து நிற்கிறது. சின்னவள் அதைச் சமர்த்தாக வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். மற்ற ஐந்தும் நன்றாக இருந்தன. தன்னுடையதைவிட நன்றாகவே இருந்தன. சொன்னால் சின்னவள் தப்பித்துவிடுவாள், சொல்லாவிட்டால் ஆறு பல்லும் இந்த மேஜைக்கே திரும்பி வரலாம்.

"தெரியுதாக்கா?"

பெரியவள் ஸ்டூலைத் திருப்பி, செட்டை உள்ளங்கையில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மதிய வெயில் ரோஸ் மெழுகுக்குள் புகுந்து ஈறுகளை உயிருள்ளவை போலச் சிவக்கவைத்தது. பக்கத்தில் சின்னவள், அவிழ்ந்த கூந்தலை முடியக் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.