மருந்துச்சீட்டு எந்தக் கடைக்குப் போனது?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருந்துச்சீட்டு காணாமல் போனது எனக்குத்தான். வீடியோவில் பார்த்த டாக்டர் "அனுப்பிட்டேன்" என்றார். கடைக்காரர் "வரவே இல்லை" என்றார். எனக்கு இருந்ததோ வெறும் தோல் அரிப்பு. அதை வைத்துக் கதை எழுதினால் யார் சீந்துவார்கள்? அதனால் என் எரிச்சலை மட்டும் ஓர் அக்காவிடம் ஒப்படைத்தேன். அவளுக்கு ஒரு தம்பி. முடிதிருத்துபவன், வலிப்பு நோய் உள்ளவன்.* டப்பாவில் மிச்சம் ஒரே மாத்திரை. இன்று ராத்திரிக்கு ஆகும், நாளைக்கு இல்லை.

* 'வலிப்பு உள்ளவன் கத்தி பிடிக்கலாமா?' என்று முகம் சுளிப்பவர்களுக்கு: மாத்திரையை ஒருநாளும் விடாததால் அவனுக்குப் பல வருஷமாக வரவில்லை. விட்டால் என்ன ஆகும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

2

மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் அக்கா ஜன்னலோரம் நின்று...

(அடித்துவிட்டேன். இவளுக்கு ஏது ஜன்னலோரம் நிற்க நேரம்?)

சலூனுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் "எதுவும் வரலைம்மா" என்றார்கள். தம்பியை வீடியோவில் பார்த்த டாக்டரின் உதவி எண்ணுக்கு அடித்தாள்.

"பேஷன்ட் சொன்ன கடைக்கு அனுப்பியாச்சு மேடம்."

"எந்தக் கடை?"

"அதை பேஷன்ட்கிட்டதான் சொல்லுவோம்."

"சரி, பேஷன்ட்டையே கேட்டுக்கறேன்" என்று சலூனுக்குள் நுழைந்தாள்.

3

இங்கே தம்பி எனக்கு மக்கர் செய்தான். முதலில் அவனை மறதிக்காரனாக எழுதினேன். ஒட்டவில்லை, யாருக்கு எந்த நம்பர் மெஷின் என்று கேட்காமலே வெட்டுகிறவன் அவன். கடைசியில், நாற்காலி காலியானதும் அவனே சொன்னான்.

"பக்கத்துக் கடையில தெரிஞ்சா தெருவுக்கே தெரியும்க்கா. அப்புறம் எவன் எங்கிட்ட கழுத்தைக் காட்டுவான்? அதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கடை பேரைப் போட்டேன்."

"அடப்பாவி! காலையிலேர்ந்து நாயாப் பேயா அலையறேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ அங்கேயும் போய் சத்தம் போடுவேன்னு பயந்துட்டேன்."

அக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வண்டிச் சாவியைக் கொடு, கடை சாத்தறதுக்குள்ள போகணும்" என்றாள்.

4

கடை மூடியிருந்தது என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை, இவள் பூட்டை உடைத்துவிடுவாள். இன்னொன்றில் சீட்டு கிடைத்தது, சுபம். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மாத்திரையை எடுத்து வைத்த கடைக்காரப் பெண் ஒன்று கேட்டுவிட்டாள்.

"இதைச் சாப்பிடறவர் என்ன வேலை பாக்கறார்? வலிப்பு மாத்திரை, தூக்கம் வரும். கேட்டுட்டுத்தான் கொடுக்கணும்."

நான் அக்காவுக்கு ஒரு பொய் எழுதிக்கொடுத்தேன்: "சும்மா வீட்லதான்..." அவள் அதைத் தொடவில்லை.

"முடி வெட்டறான். என் தம்பி. மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. நாளைக்கும் விடமாட்டான்" என்றாள், சத்தமாகவே.

மாத்திரை கைக்கு வந்தது. திரும்பினாள். வரிசையில் பின்னால் தம்பியின் வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார். அவருக்கு ஒரு முகம் கொடுக்க எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. வேறு வழியில்லாமல் உங்களை நிறுத்திவிட்டேன். வருஷக்கணக்காக அவனிடம்தான் வெட்டிக்கொள்கிறீர்கள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள்.

அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் கேட்டது உங்களை.